நாலு உள்ளே, ஆறு வெளியே

டிக்கோயா ஆஸ்பத்திரியிலிருந்து
செவ்வாய் தோறும் வருகிறாள் துலாஞ்சலி மிஸ்ஸி.
முதுகுவலிக்கு மாத்திரை கேட்டவர்களுக்கு
வாசிகசாலையில் பாய் விரிக்கிறாள்.
கொழுந்து நிறுத்த கையோடு வந்து
படங்கை உருவி மூலையில் போட்டுவிட்டு
பதினோரு பேர் மல்லாந்து கிடக்கிறோம்.
அட்டை கடித்த இடத்தில்
இரத்தம் இன்னும் நிற்கவில்லை.

யோகம் என்றாள்.
தவமலருக்குச் சிரிப்பு.
"லொத்தர் விழுந்தாத்தான் மிஸ்ஸி எங்களுக்கு அது."

ஹுஸ்ம கன்ன, என்கிறாள். இழுக்கிறோம்.
அல்லாகென இன்ன. பிடித்துக்கொள்கிறோம்.
ஹெமின் அரின்ன.
தமிழில் அவளுக்குத் தெரிந்தது
ஒன்றிலிருந்து ஆறு வரைக்கும்தான்.
அதுவே போதுமாக இருக்கிறது:
நாலு எண்ணி உள்ளே எடுக்க,
ஆறு எண்ணி வெளியே விட.

எங்களுக்கு இது புதுசில்லை.
வரவு நாலு, செலவு ஆறு.
பத்தாம் திகதிச் சம்பளம் அப்படித்தான் மூச்சு விடுகிறது.
எடுத்ததைவிடக் கூடுதலாக விடுவது எப்படி என்று
லோன்காரனைக் கேட்டால் விளக்கமாய்ச் சொல்வான்.
போன கிழமை அவன் இஸ்தோப்பில் ஏறி நின்றபோது
எண்ணிப் பார்த்தேன்.
மூன்றோடு அடைத்துக்கொண்டது.

பிறகு எழுப்பி நிறுத்தினாள்.
பாதம் இரண்டும் சேர்த்து, கைகளைத் தொங்கவிட்டு,
கண்ணை மூடி
மலை மாதிரி அசையாமல் நிற்க வேண்டுமாம்.
கனகேஸ் அதைத் தமிழில் சொல்லி முடித்ததும்
ஒருத்தியும் கண்ணை மூடவில்லை.

ஆறாம் லயத்துக்குப் பின்னால்
நாலு விரல் நுழையும் வெடிப்பு.
கொழும்பிலிருந்து வந்தவர்கள் குச்சி அடித்து
சிவப்பு ரிப்பன் கட்டி
கடிதம் ஒன்று கொடுத்துப் போனார்கள்.
வெளியேறுங்கள் என்கிறது கடிதம்.
எங்கே என்பதற்கு அதில் இடமில்லை.

"எங்க மலை அசையும் மிஸ்ஸி."
கனகேஸ் அதையும் பெயர்த்துச் சொன்னாள்.
கொஞ்ச நேரம் மிஸ்ஸி எதையும் எண்ணவில்லை.

புதன் இரவு மழை.
மகன் விட்டுப்போன போளை ஒன்றை
காம்பராவின் நடுவில் வைத்தேன்.
கதவு வரைக்கும் உருண்டது.
நேற்றும்தான் உருண்டது,
நேற்று மெதுவாக.
அடையாள அட்டை, பேரேட்டுத் துண்டு, ஒரு போர்வை,
கேத்தலில் மிச்சமிருந்த சாயம்.
டோர்ச் வெளிச்சத்தில் ஒருவர் பின்னால் ஒருவராக
பாடசாலைக்கு இறங்கினோம்.

ஐந்தாம் வகுப்பு மேசையில் சாய்ந்திருந்த
தவமலரின் மகளுக்கு எட்டு மாதம்.
மேலே எங்கோ கல் உருளும் சத்தம் கேட்க
அவளுக்கு வாய் திறந்தபடியே நின்றுவிட்டது.
முதுகில் கை வைத்தேன்.
ஹுஸ்ம கன்ன, என்றேன்.
தமிழில் அந்த நேரம் அந்தச் சொல் எனக்கு வரவில்லை.
அவள் இழுத்தாள். நான் எண்ணினேன்.
ஐந்தாவது தடவையோ ஆறாவது தடவையோ
வயிற்றுக்குள் பிள்ளை உதைத்தது என்று சொல்லிவிட்டு
தண்ணீர் கேட்டாள்.
அவ்வளவுதான்.
மழை அதன் பாட்டுக்குப் பெய்தது.

விடிந்தபோது லயம் நின்றுகொண்டிருந்தது,
வெடிப்புக்குள் இப்போது என் முழுக் கை போகும்.
பிரட்டுக்குப் போகாவிட்டால் பேர் இல்லை.
போனோம்.

மேல் கால் மடங்கி, கீழ்க் கால் நீண்டு,
கூடைக் கயிறு நெற்றியைப் பின்னுக்கு இழுக்க
பத்தாம் நம்பர் மலையில் நிற்கிறேன்.
சரிவில் நிமிர்ந்து நிற்பதென்றால்
ஒரு காலாவது வளைந்திருக்க வேண்டும்.
இதை மிஸ்ஸிக்குச் சொல்ல வேண்டும்.
முழங்காலுக்குச் சிங்களத்தில் என்ன என்று
செவ்வாய்க்கு முன்னால் கனகேஸிடம் கேட்டு வைக்க வேண்டும்.

பதினெட்டுக் கிலோவுக்கு இன்னும் பன்னிரண்டு.
புகார் இறங்கி அடுத்த நிரை மறைகிறது.
நாலு உள்ளே.